பட்டியலில் இருக்கிறது, ஆனாலும் பணம் வரவில்லை

கேள்வி: என் அம்மாவுக்கு 79 வயது, புற்றுநோய். தனியார் மருத்துவரிடம் காட்டுகிறோம். மாத்திரைக்கு மட்டும் மாதம் 5,000 வெள்ளிக்கு மேல் ஆகிறது. அந்த மாத்திரை சுகாதார அமைச்சின் புற்றுநோய் மருந்துப் பட்டியலில் இருப்பதை நானே பார்த்தேன். ஆனாலும் காப்புறுதியில் பணம் தர மறுத்துவிட்டார்கள். சந்தாவும் ஏறிக்கொண்டே போகிறது. தனியார் காப்புறுதியை நிறுத்திவிடலாமா? (வாசகி, ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: இப்போது நிறுத்த வேண்டாம்மா. நிறுத்தினாலும் அரசாங்கத்தின் அடிப்படைக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் அம்மாவுக்கு இருக்கும். ஆனால் நாளை மனம் மாறிப் பழைய திட்டத்துக்குத் திரும்பப் போனால், இந்த வயதில் இந்த நோயோடு யார் சேர்த்துக்கொள்வார்கள்? ஒரு படி குறைந்த திட்டத்துக்கு இறங்க முடியுமா என்று முகவரிடம் கேளுங்கள், அது வேறு விஷயம்.

சரி, பட்டியலுக்கு வருவோம். அதில் மருந்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்திலேயே எந்தப் புற்றுநோய்க்கு, எந்தக் கட்டத்தில், எந்த மருந்தோடு சேர்த்து என்று எழுதியிருக்கும். அம்மாவின் நிலை அந்த வரிக்குள் வராவிட்டால், அதே மாத்திரைக்கு மெடிஷீல்டு லைஃப், மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) இரண்டுமே கிடையாது. 2022 செப்டம்பரில் மெடிஷீல்டு லைஃபுக்கு இந்த முறை வந்தது. தனியார் திட்டங்களுக்கு 2023 ஏப்ரலில். அதற்கு முன்பு மெடிஷீல்டு லைஃபில் மாதம் 3,000 வெள்ளி வரை பொதுவாகக் கொடுத்தார்கள். இப்போது மருந்துக்கு மருந்து உச்சவரம்பு வேறு. ஆகவே மருத்துவரிடம், "அம்மாவுக்கு இருக்கும் இதே நிலைக்கு இது பட்டியலில் இருக்கிறதா, இல்லையென்றால் பட்டியலில் உள்ள வேறு மருந்து ஒத்துவருமா?" என்று நேராகக் கேளுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. தனியார் திட்டத்தோடு கூடுதலாக எடுக்கும் ரைடர் இருந்தால் அதையும் பாருங்கள். பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துக்கும் ஓரளவு தரும் ரைடர்கள் உண்டு.

நான் மருத்துவச் சமூக ஊழியராக இருந்தபோது, ஒரு பெரியவர் மைலோ டின் நிறைய ரசீதுகளைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். ரசீதுகளுக்கு அடியில் முன்னோடித் தலைமுறை அட்டை (1949க்குள் பிறந்த குடிமக்களுக்கு அரசாங்கம் தந்த மருத்துவச் சலுகை அட்டை), உறையைவிட்டே வெளியே வராமல். தனியார் நோயாளியாகவே பதிந்திருந்ததால் இரண்டு வருடம் முழு விலை கொடுத்திருக்கிறார். எனக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

உங்கள் அம்மாவும் 1949க்குள் பிறந்தவர்தான். அந்த அட்டை வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துப் போய், அங்கிருந்து கடிதம் வாங்கி அரசாங்க மருத்துவமனையில் மானிய நோயாளியாகச் சேருங்கள். மானிய மருந்து என்றால், மானியம் போக மீதியிலும் அட்டைக்குப் பாதி குறையும். மருத்துவரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, காத்திருக்கவும் வேண்டியிருக்கும். அதனால் அங்கே முதல் சந்திப்பு முடியும்வரை இப்போதைய மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அப்புறமும் கட்ட முடியவில்லை என்றால் அங்குள்ள மருத்துவச் சமூக ஊழியரைப் பாருங்கள். மருந்து உதவி நிதி, மெடிஃபண்ட் (கட்ட முடியாதவர்களுக்கான அரசாங்க நிதி) இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். போகும்போது வீட்டில் எல்லாருடைய சம்பளச் சீட்டும் கையில் இருக்கட்டும். அண்ணன் சீட்டு மட்டும் இல்லாமல் திரும்பி வந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.