நெடுநாள் நின்ற அம்பாசடரை ஸ்டார்ட் செய்வதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

பல ஆண்டுகளாக ஷெட்டில் நிற்கும் அப்பாவின் பெட்ரோல் அம்பாசடருக்குப் புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்குச் சாவியைத் திருக வேண்டாம்.

நான் செங்கோட்டைக்காரன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வந்து விழும் ஊர் இது. மூடிய ஷெட்டுக்குள்ளும் ஈரம் இறங்கிவிடும். நெடுநாள் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்த ஆயில், எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்புக்கு வடிந்துவிட்டிருக்கும். திறந்தபடி நின்றுபோன வால்வு வழியாக ஈரக்காற்று புகுந்து, பிஸ்டன் ரிங் நிற்கும் இடத்தில் துருப் பிடித்திருக்கலாம். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் ரிங் உடையவும் சிலிண்டரில் கோடு விழவும் வாய்ப்புண்டு.

பழைய 1489 சி.சி. எஞ்சின் வண்டியாக இருந்தால், முன்பக்கம் நுழைத்துச் சுற்றும் ஹேண்டில் இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, ஓர் இரவாவது ஊறவிடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். பிளக் இல்லாததால் அழுத்தம் இருக்காது. சீராகச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் பிடித்தால் பலம் காட்டாதீர்கள். மறுபடி ஆயில் விட்டுக் காத்திருங்கள். தடையில்லாமல் சுற்றிய பின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் காயிலின் வயரைக் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமலே சில விநாடிகள் செல்ஃப் கொடுத்தால், ஆயில் பிரஷர் ஏறிய பிறகே எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்படி செய்யலாம்.

டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை ஒரு சொட்டுகூட உள்ளே போக விடாதீர்கள். இங்கே ஒரு வீட்டு வண்டியின் கார்புரேட்டரைத் திறந்தபோது, பெட்ரோல் தேங்கும் கிண்ணமான பௌலின் அடியில் தேன் நிறத்தில் பசை படிந்து, பெட்ரோல் போகும் மெயின் ஜெட்டின் துளை இருக்கும் இடமே தெரியாமல் அடைத்திருந்தது. இப்போது வரும் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். அந்தக் கால ரப்பர் ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. அவற்றை மாற்றிவிட்டு, முதல் ஸ்டார்ட்டுக்குச் சிறு கேனிலிருந்து புது பெட்ரோல் கொடுப்பதே நல்லது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின்தொடர்பான பாயிண்டை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, இடைவெளியை 0.4 மி.மீ. அளவில் வையுங்கள். எலி கடித்த வயர், ஏர் ஃபில்டருக்குள் கூடு ஆகியவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

என் கவலையெல்லாம் பிரேக்கைப் பற்றியதே. எஞ்சின் ஓடிவிட்ட மகிழ்ச்சியில் வண்டியை உடனே வெளியே எடுப்பவர்கள்தான் அதிகம். பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சுவது. சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டருக்குள் துருவேறி, பிஸ்டன் இறுகியிருக்கும், ரப்பர் கப் உப்பியிருக்கும். பெடல் முதலில் கல்லுப்போல் நின்று, இறக்கத்தில் திடீரென்று அடியில் போய்விடலாம். அதனால் நான்கு டிரம்மையும் கழற்றி, கப், ஹோஸ், ஆயில் அனைத்தையும் புதிதாக்குங்கள். கிளட்ச் சிலிண்டரையும் அதே கையோடு பாருங்கள். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலில் ஒட்டியிருந்தால், பெடலை மிதித்தாலும் கியர் விழாது. டயர் பட்டன் தேயாமல் இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை உறுமவிடாமல், ஆயில் விளக்கு அணைகிறதா, தண்ணீர் ஒழுகுகிறதா, சூடு ஏறுகிறதா என்று நின்று கவனியுங்கள். முதல் ஓட்டம் தென்காசிப் பக்கம் சமதளச் சாலையில் இருக்கட்டும். கோட்டைவாசல் வழியாகப் புனலூர் இறங்கும் மலைப்பாதைக்கு, பிரேக்கைப் பலமுறை சோதித்த பிறகு போகலாம். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும், பழைய கசடு கரைந்து கருத்திருக்கும் ஆயிலை மறுபடி ஒருமுறை மாற்றிவிடுங்கள்.