புதிய பிக்கப் வண்டியைக் கொடுத்துப் பழைய மாடலை வாங்கலாமா?

2022 மாடல் பிக்கப்பைக் கொடுத்துவிட்டு, 2016 மாடலையும் மீதிப் பணத்தையும் பெற்றுக்கொண்டு கடனை அடைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோயம்பேட்டுச் சந்தையிலிருந்து நகரக் கடைகளுக்குக் காய்கறி ஏற்றும் உங்கள் ஓட்டத்துக்கு இந்த எண்ணம் தவறானதல்ல. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் உள்ள புகைக்கரி வடிகட்டி, நெரிசலில் நின்று நின்று குறுந்தொலைவே ஓடும்போது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளப் போதிய சூடு கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். பழைய மாடல்களில் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை, உதிரி பாகங்களும் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்கும்.

ஆனால் எட்டு ஆண்டுகளைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்தாக வேண்டும். அதற்கான டிங்கரிங், பெயிண்ட் செலவும், எஃப்.சி.க்காக வண்டி ஓடாத நாட்களின் வருமான இழப்பும் கணக்கில் வர வேண்டும். பலர் இதை மறந்துவிட்டுத்தான் பின்னால் வருந்துகிறார்கள்.

கடன் நிலுவையில் இருக்கும்வரை வண்டி முழுமையாக உங்களுடையதல்ல. நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் பெற்று, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள கடன் பதிவை நீக்கிய பிறகே, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்திடுங்கள். வெள்ளைத்தாள் ஒப்பந்தத்தை நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டால், பெயர் மாறும்வரை விபத்து வழக்கு உங்கள்மீதே வரக்கூடும். வாங்கும் வண்டியின் சேசிஸ் (அடிச்சட்டம்) துருவை, சென்னையின் உப்புக் காற்றை மனத்தில் வைத்து, நம்பகமான மெக்கானிக்கைக் கொண்டு அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.