பெரிய பிளானுக்கு மாறுமுன் டேட்டாபேஸை அளந்து பாருங்கள்

கேள்வி: வேர்ட்பிரஸில் ஒரு விற்பனைத் தளம் நடத்துகிறேன். பக்கங்கள் ஓரளவு வேகமாகத்தான் திறக்கின்றன, ஆனால் ஆர்டர் போடும்போது சுற்றிக்கொண்டே நிற்கிறது. டேட்டாபேஸ் நொடிக்குப் பல ஆயிரம் குவெரி (டேட்டாபேஸுக்குப் போகும் கேள்வி அல்லது கட்டளை) தாங்கும், பெரிய பிளானுக்கு மாறுங்கள் என்கிறார்கள் ஹோஸ்டிங்காரர்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து வாங்காதீர்கள். அது படிக்கும் வேகமா, எழுதும் வேகமா என்று முதலில் கேளுங்கள். டேட்டா முழுவதும் ரேமில் அடங்கிவிட்டால் வேர்ட்பிரஸின் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல், படிக்கும் குவெரிக்கு டிஸ்கைத் தொடாமலே பதில் தந்துவிடும், அதனால் சின்ன டேபிளை வைத்துச் சோதித்தால் யாருக்கும் பிரமாதமான எண் வரும். உங்கள் சிக்கல் எழுதுவதில் இருப்பதாகத் தெரிகிறது. இயல்பான அமைப்பில் ஒவ்வொரு ஆர்டரும் முடியும்போது அதன் பதிவு டிஸ்கில் உறுதியாக இறங்கும்வரை டேட்டாபேஸ் காத்திருக்கும். இதை நொடிக்கு ஒருமுறை மட்டும் இறக்கும்படி மாற்றிவைக்கவும் வழி உண்டு. அப்போது எழுதும் எண் எகிறும், ஆனால் சர்வர் திடீரென விழுந்தால் கடைசி ஒரு நொடியில் வந்த ஆர்டர்கள் போய்விடலாம். பணம் புழங்கும் தளத்தில் இது சரியே இல்லை, அதனால் எந்த அமைப்பில் அளந்தார்கள் என்பதையும் கேட்டே ஆகவேண்டும்.

நீங்களே அளக்க சிஸ்பெஞ்ச் என்ற இலவசக் கருவி இருக்கிறது. படிப்பது, எழுதுவது, இரண்டும் கலந்தது என்று தனித்தனியாக ஓட்டுங்கள். சோதனை டேட்டா உங்கள் உண்மையான டேட்டா அளவுக்காவது இருக்கட்டும், பத்து நிமிடமாவது ஓடட்டும். சராசரியைப் பார்க்காதீர்கள், 95வது சதமானத்தைப் (நூற்றில் 95 முறை வேலை முடிந்துவிடும் நேரத்தை) பாருங்கள், ஏனென்றால் பாதியில் விட்டுப் போகும் வாடிக்கையாளர் பெரும்பாலும் அந்த மெதுவான ஐந்து சதவீதத்தில்தான் இருப்பார். உங்களுக்கென்று தனி ஒதுக்கீடு உள்ள பிளானிலும் ஒரே இயந்திரத்தை மற்றவர்களும் பகிர்வதுண்டு என்பதால் நெரிசல் நேரத்திலும் ஒருமுறை ஓட்டுங்கள். தனி ஒதுக்கீடு இல்லாமல் பல தளங்கள் ஒரே சர்வரில் ஓடும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் மட்டும் இப்படிப் பளு ஏற்றாதீர்கள், மற்றவர்களின் தளமும் படுத்துவிடும்.

அப்புறம், இதற்கெல்லாம் முன்பே மெதுவான குவெரிகளைக் குறித்துவைக்கும் ஸ்லோ குவெரி லாகை இயக்கிவிடுங்கள். அதில் இயல்பான வரம்பு 10 நொடி, அப்படியே விட்டால் அதைவிட நீளும் குவெரிகள் மட்டுமே பதிவாகும், அரை நொடியாகக் குறையுங்கள். இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) இல்லாமல் லட்சம் வரிகளையும் புரட்டும் ஒரு குவெரி சிக்கினால் செலவே இல்லாமல் வேலை முடியலாம். டேட்டாபேஸ் வேறு சர்வரில் இருக்கிறதா என்றும் பாருங்கள்: போய்வர ஒரு மில்லிநொடி, ஒரு பக்கத்துக்கு 200 குவெரி என்றால் வழியிலேயே 0.2 நொடி போய்விடும், அதை எந்த வேகமான டிஸ்கும் மீட்டுத் தராது.

சரி, இத்தனைக்குப் பிறகும் மாறத்தான் வேண்டுமென்றால், தள்ளுபடி என்று வருடச் சந்தாவுக்கு இழுப்பார்கள், ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். தளத்தின் நகலைப் புதிய பிளானில் ஏற்றி அங்கே சோதனை ஆர்டர்கள் போட்டுப் பார்த்து, எழுதும் நேரம் உண்மையிலேயே குறைந்தால் மாறுங்கள்.