தியேட்டர் இருந்த இடத்தில் கடை. நினைவை எங்கிருந்து எடுப்பது?

கிளிநொச்சிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் ஊர்த் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது கடைகள். அங்கே வாசலில் ரிக்கற் கிழித்த என் மாமாவுக்கு 79 வயது. எங்களிடம் மிஞ்சியிருப்பது இரண்டு பாட்டுப் புத்தகமும் ஒரு வீடியோ கசற்றும்தான். இவ்வளவை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?"

முடியும். மாமாவிடமிருந்து தொடங்குங்கள், இந்தக் கிழமையே. பாட்டுப் புத்தகம் இன்னும் கொஞ்சக் காலம் காத்திருக்கும், 79 வயது காத்திருக்காது. வேறு ஊர்களில் இந்த வேலையைக் கட்டடத்திலிருந்தோ கணக்குப் புத்தகத்திலிருந்தோ தொடங்கலாம். போரில் வீடு வாசலை விட்டு வன்னியில் 1996இல் ஓடியதும் 2008, 2009இல் ஓடியதும் உங்களுக்குத் தெரியாததல்ல. கையில் பிள்ளையையும் அரிசியையும் தூக்கியவர்கள் ரிக்கற் கட்டைத் தூக்கவில்லை. ஆகவே இங்கே ஆள்தான் ஆவணம்.

"என்ன படம் பார்த்தீங்கள்?" என்று தொடங்க வேண்டாம். நடிகர் பெயர் நாலு வரும், பேச்சு அதோடு நின்றுவிடும். "எப்படிப் போனீங்கள்?" என்று கேளுங்கள். ஓர் அம்மாவிடம் நான் அப்படிக் கேட்டேன். சூடடிப்பு முடிந்த கையோடு உழவு மெஷின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, மேலே சாக்கு விரித்து, மூன்று வீட்டுப் பெண்கள் ஏறினார்களாம். திரும்பும்போது பிள்ளைகள் எல்லாம் நித்திரை. காட்டு ஓரம் வந்ததும் யானைக்குப் பயந்து ஒருவரும் கதைக்கவில்லை, மெஷின் சத்தம் மட்டும்தான். படத்தின் பெயர் அவருக்கு ஞாபகமில்லை. பெட்டியில் எந்தப் பக்கம் இருந்தார் என்பது ஞாபகம். அறுவடைக் காசு, பெண்கள் வெளியே போன விதம், அந்தக் காலத்துத் தெரு என்று எல்லாமே அந்த ஒரு பதிலில் இருக்கின்றன.

ஆண்டு கேட்டால் தடுமாறுவார்கள். படம் இந்தியாவில் வெளியான ஆண்டை வைத்துக் கணக்குப் போடவும் வேண்டாம். இங்கே பல படங்கள் பிந்தித்தான் வந்தன, பழைய படங்கள் திரும்பத் திரும்பவும் ஓடின. "64 புயலுக்கு முன்னமோ பின்னமோ? மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்த 70களிலோ? 83க்குப் பிறகோ?" என்று கேளுங்கள், ஆண்டு தானாக வந்து நிற்கும்.

பதிவு செய்ய போன் போதும். ஆனால் ஃபேனை நிறுத்துங்கள். ஓர் ஐயாவை ஃபேனுக்குக் கீழே இருத்தி ஒன்றரை மணித்தியாலம் பதிவு செய்தேன். காற்றுச் சத்தத்துக்குள் அவர் குரல் பாதிதான் கேட்கிறது. அவர் இப்போது இல்லை, திரும்பக் கேட்க வழியில்லை. போனை விமானப் பயன்முறையில் போட்டு, அவர் நெஞ்சுக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் ஒரு துணியின் மேல் வையுங்கள். தொடக்கத்தில் திகதி, ஊர், அவர் பெயர் மூன்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒரு நாள் மாமாவை அந்தக் கடைகளுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போங்கள். ரிக்கற் அறை எங்கே, கலரி எங்கே, பெண்கள் பக்கம் எது, சைக்கிள் விட்ட இடம், கச்சான்காரி இருந்த மூலை என்று கையைக் காட்டச் சொல்லி, ஒரு தாளில் கீறுங்கள். நின்று காட்டும்போது வருவது கதிரையில் இருந்து கதைக்கும்போது வராது.

தியேட்டரோடு நிறுத்திவிடாதீர்கள். 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லாத வருஷங்களில் மண்ணெண்ணெய்க்குக் காசு சேர்த்து, ஜெனரேற்றர் பிடித்து, முற்றத்தில் ரீவியும் டெக்கும் வைத்துப் பார்த்ததும் வன்னியில் படம் பார்த்த கதைதான். என்னைக் கேட்டால், வேறெங்கும் கிடைக்காத பகுதி அதுதான். ஆனால் கவனமாகக் கேளுங்கள். அன்று பக்கத்தில் இருந்து பார்த்தவர் இன்றைக்கு இல்லாமல் போனவராக, காணாமல் ஆக்கப்பட்டவராக இருக்கலாம். கதை சொல்பவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். பொதுவில் போடும் பிரதியில் எந்தப் பெயர் இருக்கலாம், எது கூடாது என்பதை அவரே சொல்லட்டும்.

சரி, பொருட்களுக்கு வருவோம். பாட்டுப் புத்தகத்துக்கு லமினேற் வேண்டாம், செலோரேப் வேண்டாம். துருப்பிடித்த கம்பியை மெதுவாகக் கழற்றிவிட்டு, 600 டிபிஐயில் ஸ்கான் செய்யுங்கள். அட்டையின் பின்பக்க விளம்பரத்தையும் சேர்த்து. கசற்றின் சிறு கண்ணாடி வழியே பாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சணம். அதை டெக்கில் போட வேண்டாம், நாடாவோடு டெக்கும் பழுதாகும். உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்து, சுத்தம் செய்து மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தியேட்டர்கள் உள்ளூராட்சிச் சபைக்குக் களியாட்ட வரி கட்டியவை. ஆகவே சபையில் பழைய பதிவேடு ஏதும் கிடக்கிறதா என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். 'ஈழநாடு' போன்ற பழைய பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களை, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் செய்து சேமிக்கும் 'நூலகம்' நிறுவனத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நீங்கள் சேர்ப்பதன் ஒரு பிரதியையும் அங்கேயே கொடுக்கலாம். இன்னொன்று வீட்டில், மற்றொன்று மாவட்டத்துக்கு வெளியே இருக்கும் உறவுக்காரரிடம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து இழந்தவர்கள் நாங்கள்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் ஊர்க்காரர் பழைய புகைப்படங்கள் அனுப்பினால், வட்ஸ்அப்பில் டொக்கியுமென்ற் ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும்.

மாமாவுக்கான முதல் கேள்வி: கிழித்த பாதி ரிக்கற்றை எங்கே போட்டார்?