உறையில் ஒட்டிக்கொண்ட பழைய கல்கி அட்டை

இழுக்காதீர்கள். 1950களின் கல்கி இதழ், மணியம் வரைந்த அட்டை, பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிவிட்டது என்கிறீர்கள். பிய்த்தால் மையும் சேர்ந்து வந்துவிடும், அதனால் ஒட்டாத பக்கமாக உறையைக் கத்தரித்து இதழை விடுவித்து, ஒட்டிய துண்டை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

பெரும்பாலும் அது பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த உறை. வளைந்து கொடுக்க அதில் சேர்க்கும் எண்ணெய் மாதிரியான பொருள் நாளடைவில் கசிந்து அச்சு மையை இளக்கும், வெயில் காலத்து பீரோவுக்குள் இன்னும் வேகமாக.

சோதிக்க, செம்புக் கம்பியைச் சூடாக்கி மிச்ச உறைத் துண்டைத் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் பிவிசிதான். புகை நச்சு, மொட்டைமாடியில் செய்யுங்கள், கம்பியை இடுக்கியால் பிடித்து.

மற்ற இதழ்களை இன்றே பாலியெஸ்டர் உறைக்கு (துணியல்ல, தெளிவான பிளாஸ்டிக் தாள்) மாற்றுங்கள். ஒட்டிய துண்டைக் காகிதப் பாதுகாப்பு தெரிந்தவர்தான் எடுக்க வேண்டும். ஹேர் டிரையர் காட்டச் சொல்பவர்களை நம்பாதீர்கள், மை இன்னும் இளகும்.