மூன்றாவது பத்தி ஏன் கீழே விழுகிறது?

கேள்வி: கோத்தகிரியில் தேயிலைத்தூள், வர்க்கி, நீலகிரித் தைலம் விற்கும் கடைக்கு இணையப் பக்கம் செய்திருக்கிறேன். பக்கத்தில் பக்கமாக நிற்கும் மூன்று பத்திகள் (column), ஒவ்வொன்றுக்கும் அகலம் 30%, பேடிங் (ஓரத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விடும் இடைவெளி) 15 பிக்சல், ஃப்ளோட் லெஃப்ட் (இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்துவது). லேப்டாப்பில் சரியாக இருக்கிறது. டேப்லெட்டில் மூன்றாவது பத்தி கீழே போய்விடுகிறது. ஏன்?

பதில்: நீங்கள் கொடுத்த 30% உள்ளே இருக்கும் எழுத்துக்கு மட்டும்தான். பேடிங் அதற்கு வெளியே சேர்கிறது. ஒரு பத்திக்கு இரு பக்கமும் சேர்த்து 30 பிக்சல், மூன்றுக்கு 90. மீதமுள்ள 10% இந்த 90 பிக்சலைத் தாங்க வேண்டும். திரை 900 பிக்சலுக்குக் குறைந்தால் தாங்காது. 768 பிக்சல் டேப்லெட்டில் 10% என்பது 77 பிக்சல்கூட இல்லை. அதனால்தான் விழுகிறது. 30-ஐ 28 ஆக்கிப் பார்க்காதீர்கள். இன்னும் சின்னத் திரையில் மறுபடி விழும்.

பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பின் முதல் வரியிலேயே எல்லா உறுப்புக்கும் 'பாக்ஸ்-சைசிங்: பார்டர்-பாக்ஸ்' போடுங்கள். பேடிங்கும் பார்டரும் (சுற்றுக்கோடு) அந்த 30%-க்குள்ளேயே அடங்கிவிடும்.

ஆனால் ஃப்ளோட் இருக்கும்வரை இன்னொரு தொல்லை உண்டு. நாளைக்கு நான்காவது பொருளைச் சேர்த்தால், முதல் பத்தி மற்றதைவிட உயரமாக இருக்கும்போது, அந்த நான்காவது இடது ஓரத்துக்கு வராமல் நடுவில் சிக்கி நிற்கும். கட்டங்களாக அடுக்கும் கிரிட் முறைக்கு மாறுவதே நல்லது. வெளிப்பெட்டிக்கு 'டிஸ்ப்ளே: கிரிட்', 'கேப்: 20 பிக்சல்', பத்தி அளவுக்கு ரிப்பீட்(ஆட்டோ-ஃபிட், மின்மேக்ஸ்(240 பிக்சல், 1எஃப்ஆர்)). அதாவது பத்தி 240 பிக்சலுக்குக் குறையாது, மிச்ச இடத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். வெளிப்பெட்டி திரை முழுக்க இருந்தால் 768-இல் மூன்றும் நிற்கும் (மூன்று 240, இரண்டு 20 இடைவெளி, மொத்தம் 760 பிக்சல்தான் வேண்டும்). 360 பிக்சல் போனில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்.

மாற்றும்போது பழைய 'அகலம் 30%' வரியை அழித்துவிடுங்கள். பலரும் இதைத்தான் மறக்கிறார்கள். ஃப்ளோட்டை கிரிட் கண்டுகொள்ளாது, அகலத்தை விடாது: ஒவ்வொரு பத்தியும் தன் கட்டத்தில் 30% மட்டும் பிடித்துச் சூம்பி நிற்கும்.

தமிழ்ப் பக்கம் என்பதால் இன்னொன்று. 'தேயிலைத்தோட்டங்களிலிருந்து' மாதிரி நீளச் சொல் பெரிய எழுத்துத் தலைப்பில் வந்தால் பக்கத்துப் பத்திமேல் ஏறும். 'ஓவர்ஃப்ளோ-ரேப்: பிரேக்-வேர்ட்' அதை மடக்கும். படங்களுக்கு 'மேக்ஸ்-வித்: 100%'.

அப்புறமும் எது தள்ளுகிறது என்று புரியாவிட்டால், எல்லா உறுப்புக்கும் சிவப்பு அவுட்லைன் (இடம் பிடிக்காத வெளிக்கோடு) 1 பிக்சல் போட்டுப் பாருங்கள். பார்டர் போடாதீர்கள், அது இடம் பிடிக்கும், சோதனையே கணக்கைக் கெடுத்துவிடும்.