பக்கத்து ஊடு

வணக்கமுங்க ஐயா,

காங்கேயம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மகன் யு.கே.ஜி. படிக்கிறான், ஐந்து வயது முடிந்துவிட்டது. பள்ளியில் கலர் வடிவங்களை வைத்து லாஜிக் புதிர் போடச் சொல்கிறார்கள். அதற்காக 48 துண்டு உள்ள மரப்பெட்டி ஒன்று வாங்கினேன். வட்டம், சதுரம், செவ்வகம், முக்கோணம் என நாலு வடிவம். சிவப்பு, நீலம், மஞ்சள் என மூன்று கலர். ஒவ்வொன்றிலும் பெரிசு, சின்னது, தடிசு, மெலிசு. அவன் அதை அடுக்கி வீடு கட்டுகிறானே தவிர, புதிர் போடுவதில்லை.

போன வாரம் ஒர்க்‌ஷீட்டில் 'சர்க்கிள் தி ஆட் ஒன்', அதாவது மற்றவற்றோடு சேராததைச் சுழி என்று ஒரு கேள்வி. பெரிய சிவப்பு வட்டம், சின்ன சிவப்பு வட்டம், பெரிய நீல வட்டம், பெரிய சிவப்புச் சதுரம். சதுரம்தான் விடை. இவன் முதல் படத்தைச் சுழித்துவிட்டு வந்திருக்கிறான். ஏன்டா என்றால், "இது மட்டுந்தான் எல்லார்த்துக்கும் பக்கத்து ஊடு" என்று உளறுகிறான். ஊடு இல்லை, வீடு என்று திருத்தினேன். இவனுக்கு லாஜிக் வரவில்லை என்கிறார் டீச்சர். இதெல்லாம் எந்த வயதில் வரும்? அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா? போனில் ஆப் இருக்கிறது, அது போதும் என்கிறார் வீட்டுக்காரர். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் வாசகி

*

அன்புள்ள அம்மிணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. 'உளறுகிறான்' என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

அந்த நாலு படங்களையும் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். பெரிய சிவப்பு வட்டத்துக்கும் சின்ன சிவப்பு வட்டத்துக்கும் என்ன வித்தியாசம்? அளவு மட்டும். அதற்கும் நீல வட்டத்துக்கும்? கலர் மட்டும். சதுரத்துக்கும்? வடிவம் மட்டும். அதாவது முதல் படத்திலிருந்து ஒரே எட்டில் மற்ற மூன்றுக்கும் போய்விடலாம். இப்போது அந்த மூன்றையும் தங்களுக்குள் ஒப்பிடுங்கள். சின்ன சிவப்பு வட்டத்திலிருந்து நீல வட்டத்துக்குப் போக அளவையும் மாற்றவேண்டும், கலரையும் மாற்றவேண்டும். எந்த இரண்டை எடுத்தாலும் அப்படித்தான், இரண்டு எட்டு. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் எட்ட இருக்கிறார்கள். முதலாவது ஒன்றுதான் எல்லாருக்கும் பக்கத்து ஊடு.

உங்கள் மகன் சொன்னது இதைத்தான். ஐந்து வயதில் சொல்லியிருக்கிறான்.

சதுரமும் சரியான விடைதான், வடிவத்தால். சின்னது அளவால் சரி, நீலம் கலரால் சரி. நாலுக்கும் நியாயம் இருக்கிற கேள்வியில் ஒன்றை மட்டும் டிக் போட்டு, மீதி மூன்றையும் அடித்துவிட்டால் அது புதிர் இல்லை, கேட்கிறவர் மனசில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கிற வேலை. இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தத் தாளில் நாலு படத்தில் மூன்று வட்டம். அதன் தலையில் 'சர்க்கிள்' என்று ஓர் ஆங்கில வார்த்தை. அது வட்டத்தைச் சொல்கிறதா, சுழி என்கிறதா என்று பிள்ளை எதைக்கொண்டு பிரித்துப் பார்க்கும்? அதையும் தாண்டித்தான் அவன் யோசித்திருக்கிறான்.

நீங்கள் வாங்கிய பெட்டியைப் பள்ளிக்கூடங்களில் பரவச் செய்தவர் ஸோல்டான் டீனஷ் என்கிற கணிதக்காரர். 1916இல் ஹங்கேரியில் பிறந்தவர், 2014இல் கனடாவில் காலமானார். பிள்ளைகளுக்கு முதலில் விளையாட்டு, அப்புறம்தான் குறியீடும் விதியும் என்று சொல்லிக்கொண்டே இருந்த மனிதர். ஆகவே உங்கள் பையன் வீடு கட்டுவதைத் தடுக்காதீர்கள், அது வேலையின் முதல் பாதி. நாலு வடிவம், மூன்று கலர், இரண்டு அளவு, இரண்டு தடிமன். பெருக்கினால் 48. ஒரு துண்டுகூட இன்னொன்றின் நகல் இல்லை. அதை வைத்து ஆடுகிற பழைய ஆட்டங்களில் ஒன்று துண்டுகளை வரிசையாக வைத்து ரயில் விடுவது. ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் இருக்கலாம் என்பது விதி. உங்கள் மகன் யாரும் சொல்லித் தராமலே அந்த விதியைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு பேரும் வைத்துவிட்டான். அந்த நேரத்தில் நீங்கள் அவன் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் அம்மாவின் திதிக்குத் திருப்பூர் போயிருந்தேன். அவர் வேலை செய்த வேஸ்ட் குடோன் இருந்த சந்து வழியாக நடந்தேன். அன்றிலிருந்து அவர் கேட்ட ஒரு கேள்வி காதிலேயே இருக்கிறது. உங்கள் கடிதம் வந்து அதன்மேல் விழுந்தது.

எனக்கு எட்டு வயது, 1986. பனியன் கம்பெனிகளில் கட்டிங் டேபிளில் துணியை அடுக்கடுக்காக விரித்து வெட்டுவார்கள். கழுத்தும் கையும் வளைகிற இடத்தில் மிஞ்சுகிற துண்டுகள் பிறை பிறையாக விழும். அதெல்லாம் மூட்டையாகக் குடோனுக்கு வரும். பெண்கள் சுற்றி உட்கார்ந்து பிரிப்பார்கள். வெள்ளை தனி, கலர் தனி. ரிப் துணி தனி. பிரிண்ட் போட்டது தனி. நூல் உதிரி தனி. வெள்ளைக்கு விலை அதிகம், ஏனென்றால் எந்தச் சாயமும் அதில் ஏறும். பஞ்சாக்கித் திரும்ப நூல் திரிக்கிற மில்லுக்கு வெள்ளை வெள்ளையாகவே போகவேண்டும். ஒரு கலர்த் துண்டு உள்ளே போனாலும் நூலில் காட்டிக்கொடுத்துவிடும்.

பள்ளி விட்டதும் நான் நேராக அங்கே போய்விடுவேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நானும் பிரிப்பேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் ஒரு துண்டைத் தப்பான குவியலில் போட்டால் அவர் கையைத் தட்டமாட்டார், தானாக எடுத்து மாற்றவும் மாட்டார். "எதுக்கு சாமி இத இங்க போட்ட?" என்பார். அதில் குத்தல் இருக்காது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பார்.

ஒருநாள் வெள்ளையில் மெல்லிசாக நீலக்கோடு ஓடுகிற துண்டுகள் நிறைய வந்தன. நான் அத்தனையையும் வெள்ளையில் போட்டுவிட்டேன். அம்மா கவனிக்கவில்லை. சாயங்காலம் குடோன்காரர் மூட்டையைக் கட்டும்போது பார்த்துவிட்டார். எல்லார் முன்னாலும் மூட்டையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டினார். மற்ற பெண்கள் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் ஒரே குண்டு பல்பு வெளிச்சத்தில் மறுபடி முதலிலிருந்து பிரித்தோம். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. நான் அழுதுகொண்டே பிரித்தேன். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை.

வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் கேட்டார்: "எதுக்கு சாமி வெள்ளையில போட்ட?"

"வெள்ளதானம்மா நெறையா இருந்துச்சு."

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். அப்புறம் சொன்னார்: "அதும் ஒரு கணக்குத்தான் கண்ணு. மில்லுக்காரங்க கணக்கு வேற. வெள்ள இருக்கறது இல்ல, வெள்ள மட்டும் இருக்கறதுதான் அவங்களுக்கு வெள்ள."

'மட்டும்' என்கிற சொல்லுக்கு எனக்குப் பொருள் விளங்கியது அந்த ராத்திரியில்தான். 'வெள்ளை இருக்கிறது' வேறு, 'வெள்ளை மட்டும் இருக்கிறது' வேறு. பிற்பாடு கல்லூரியில் கணங்கள், உட்கணங்கள் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டபோது எனக்கு அது புதிதாகவே படவில்லை. குடோன் குவியல்கள்தான் கண்ணில் தெரிந்தன.

அம்மிணி, தர்க்கம் அந்த மரத்துண்டில் இல்லை. அதைப் பற்றிப் பிள்ளை பேசுகிற பேச்சில் இருக்கிறது. 'உம்', 'ஓ', 'மட்டும்', 'தவிர', 'இல்லாத' என்று நாம் நாள் முழுக்கப் பேசுகிற துண்டுச் சொற்களில் இருக்கிறது. 'உம்' என்கிற ஒற்றை இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது. அதை உங்கள் பெட்டியில் வைத்துப் பாருங்கள். "சிவப்பையும் வட்டத்தையும் எடு" என்று பையனிடம் சொல்லுங்கள். சிவப்பெல்லாம் எடுத்து, வட்டமெல்லாம் எடுத்து 24 துண்டைக் குவிப்பான். "சிவப்பாவும் இருக்கோணும், வட்டமாவும் இருக்கோணும்" என்று சொல்லுங்கள். நாலே நாலுதான் வரும். இரண்டிலும் அதே 'உம்'தான். "சிவப்பும் ஆகாது, வட்டமும் ஆகாது, மீதியை எடு" என்றால் 24. "சிவப்பு வட்டம் தவிர மீதியெல்லாம் எடு" என்றால் 44. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரியவர்களே தடுக்கி விழுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளை துண்டை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி அதைக் கையாலேயே கண்டுகொள்ளும், கேட்பது அதன் சொந்தப் பேச்சாக இருந்தால். அவன் ஆத்தாவிடம் பேசுகிற தமிழில் கேளுங்கள். பள்ளியில் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் திணறினால் அது ஆங்கிலம் வராததால் வந்த திணறல். அதை லாஜிக் வரவில்லை என்று ஒரு டீச்சர் சொல்வதும், பெற்றவள் அதை நம்பிக் கடிதம் எழுதுவதும் எனக்குத் தாங்கவில்லை.

வயது கேட்டீர்கள். அதற்கு ஒரே எண்ணாகப் பதில் கிடையாது. வைகாட்ஸ்கி என்கிற ரஷ்ய உளவியல்காரர் 37 வயதில், 1934இல், இறந்துபோனார். அவரும் உடன் வேலை செய்தவர்களும் 22 மரக்கட்டைகளை வைத்துப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். கட்டைகளின் அடியில் அர்த்தமில்லாத நாலு பெயர்கள் எழுதியிருக்கும்: லாக், பிக், முர், செவ். உயரமும் அகலமும்தான் பெயரைத் தீர்மானிக்கும். கலரும் வடிவமும் கவனத்தைத் திருப்புவதற்கு. சின்னப் பிள்ளைகள் பலரும் சங்கிலி மாதிரி கோத்துக்கொண்டு போனார்கள். சிவப்பு என்று தொடங்கி, அதில் ஒரு முக்கோணம் வந்தால் முக்கோணத்தின் பின்னால் போய், அதில் நீலம் வந்தால் நீலத்தின் பின்னால். அவர் அதைத் தப்பு என்று ஒதுக்கவில்லை. பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குத் தாவுகிறது என்று பார்த்தார். என் அம்மா குடோனில் கேட்டதும் அதே கேள்விதான்.

அபாகஸ் வேண்டாம். அது கணக்கை வேகமாகப் போடுகிற பயிற்சி, நீங்கள் கேட்கிற காரியம் அது இல்லை. ஆப் பற்றி வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: தப்பாகத் தொட்டால் அது ஒரு சத்தம் போடும், 'எதுக்கு சாமி' என்று கேட்காது. வேறு பெட்டியும் வேண்டாம்.

வாசலில் கோலமாவால் இரண்டு பெரிய வட்டம் போடுங்கள், தனித்தனியாக. ஒன்றில் சிவப்பெல்லாம், இன்னொன்றில் முக்கோணமெல்லாம் வைக்கச் சொல்லுங்கள். சிவப்பு முக்கோணம் கைக்கு வரும்போது அவன் நின்றுவிடுவான். நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. இங்கேயும் வைப்பான், அங்கேயும் வைப்பான், உங்கள் முகத்தைப் பார்ப்பான். அன்றைக்கே முடியாமலும் போகலாம், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. இரண்டு வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் நடுவில் ஓர் இடம் கிடைக்கும் என்று அவனுக்குத் தானாகத் தோன்றவேண்டும். தோன்றிவிட்டால் அவனே கோலமாவை எடுத்துவிடுவான், வாசல் அலங்கோலமாகும். விட்டுவிடுங்கள்.

அப்புறம் எனக்காக ஒரு வேலை. இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் அந்தப் பெட்டியிலிருந்து சின்ன நீல மெலிசு முக்கோணத்தை எடுத்து அவன் கையில் கொடுங்கள். இதற்கு எத்தனை பக்கத்து ஊடு இருக்குது கண்ணு என்று கேளுங்கள், ஊடு என்றே கேளுங்கள். வடிவத்தை மாற்றினால் மூன்று, கலரை மாற்றினால் இரண்டு, அளவில் ஒன்று, தடிமனில் ஒன்று. 48இல் எந்தத் துண்டை எடுத்தாலும் ஏழுதான். அதை நீங்கள் சொல்லிவிடக் கூடாது. ஆறு என்று சொன்னான் என்றால் ஏதோ ஒரு துண்டை விட்டிருக்கிறான், அல்லது தடிமன் வித்தியாசத்தை வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அப்போதும் தப்பு என்று சொல்லாமல், எதுக்கு ஆறு என்று கேளுங்கள். அவன் என்ன காரணம் சொல்கிறானோ, அவன் வாயில் வந்த வார்த்தையிலேயே எனக்கு எழுதி அனுப்புங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்.